காரை இரவல் கொடுத்தவரும் மாட்டுவாரா?

பொங்கோல் புலவர்:
"இருக்கைக்கடியில் போதைப்பொருள் பொட்டலம் அகப்பட்டால் ஓட்டியவர்தான் மாட்டுவார், காரை இரவல் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தவரை அதிகாரிகள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்" என்று உட்லண்ட்ஸ் ஓட்டுநர் நேற்று அடித்துச் சொல்லியிருந்தார். இதை நம்பி யாரேனும் சாவியைத் தூக்கிக் கொடுப்பதற்குள் எழுதிவிடுகிறேன். சிங்கப்பூரின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வாகனத்தில் கண்டெடுக்கப்படும் போதைப்பொருள், மாறாக நிரூபிக்கப்படும் வரை, அவ்வாகனத்தின் உரிமையாளரிடமும் அந்நேரத்தில் அதற்குப் பொறுப்பாக இருந்தவரிடமும் இருந்ததாகவே அனுமானிக்கப்படும். உரிமையாளரிடமும், ஐயா.

உட்லண்ட்ஸ் ஓட்டுநர்:
காரிலேயே இல்லாதவர் எதை வைத்திருந்தார் என்று வழக்குப் போடுவார்கள்? உங்கள் கணக்குப்படி, வாடகைக்கு எடுத்த காரில் எவனோ கஞ்சாவை ஒளித்துவைத்தால், கார் நிறுவன முதலாளிகளெல்லாம் சாங்கிச் சிறைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பொங்கோல் புலவர்:
நிறுவனத்திடம் ஒப்பந்தமும் பதிவேடும் இருக்கும்; அவற்றைக் காட்டி அனுமானத்தை முறியடிக்கலாம். மைத்துனருக்கு வாய்மொழியாகக் கார் கொடுத்தவர் எதைக் காட்டுவார்? வைத்திருந்த குற்றத்துக்கு மட்டுமே 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

தெம்பனிஸ் தங்கை:
பெட்டியில் ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் போதைப்பொருளைக் கொண்டுவந்ததற்காகச் சாங்கி விமான நிலையத்தில் பிடிபட்ட ஒருவரை, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் விடுவித்தது. தன்னிடம் ஒரு பொருள் இருப்பதே தெரியாதவர் அதை வைத்திருந்தவராக மாட்டார் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆகவே இருவரும் சற்று நிதானிக்கலாமே.

உட்லண்ட்ஸ் ஓட்டுநர்:
கேட்டுக்கொள்ளுங்கள், புலவரே! காரில் இல்லாதவருக்கு எப்படித் தெரியும்?

பொங்கோல் புலவர்:
தங்கை பாதியைத்தான் சொன்னார். பெட்டிக்குள் போதைப்பொருள் இருந்தது அவருக்குத் தெரியாது என்று அந்த வழக்கில் அரசுத்தரப்பே ஏற்றிருந்தது. உங்கள் வழக்கிலும் அப்படி ஏற்பார்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? தவிர, 21ஆம் பிரிவு பெட்டியைப் பற்றியதன்று, வாகனத்தைப் பற்றியது. "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் போதாது. தெரியாதென்பதை நீதிபதி நம்பும்படி நிறுவும் சுமை உரிமையாளர் தலையில்தான் விழும். போதைப்பொருள் இருக்கும் ஒன்றின் சாவியை வைத்திருப்பவர் மீதும் 18ஆம் பிரிவு இதே வகையான அனுமானத்தைச் சுமத்துகிறது. வீட்டு மேசையில் கிடக்கும் மாற்றுச் சாவியையும் எண்ணிப் பாருங்கள்.

தேக்கா மைந்தன்:
எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த மின்சிகரெட் இந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவர்தானே இந்தப் புலவர்?

பொங்கோல் புலவர்:
அதை நான் எழுதியது 2025 ஆகஸ்டில். செப்டம்பர் 1 முதல்தான் அது சி வகைப் போதைப்பொருளாக இச்சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்று எழுதியது அன்றைக்குச் சரி.

தேக்கா மைந்தன்:
தேதியைக் காட்டித் தப்புவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

உட்லண்ட்ஸ் ஓட்டுநர்:
மின்சிகரெட்டை விடுங்கள். பல்லாண்டாகச் சோதனைச்சாவடியைக் கடந்து லாரி ஓட்டுகிறேன். அதிகாரிகள் யாரிடம் கேள்வி கேட்பார்கள் என்பதைப் புத்தகம் புரட்டுபவரிடம் நான் படிக்க வேண்டியதில்லை. காரில் இல்லாதவர் காரில் இல்லாதவர்தான்.

பொங்கோல் புலவர்:
அந்த லாரி உங்களுடையதா, முதலாளியுடையதா? முதலாளியுடையது என்றால், அவரை இங்கே வந்து 21ஆம் பிரிவை வாசிக்கச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் ஓட்டுநர்:
என் முதலாளியை இழுக்காதீர்கள். அவரும் லாரியில் இருப்பதில்லை.