வியாசர்பாடியில கலைஞர்களுக்கு ஒரு மீடியா லேப்: முதல்ல எதை வாங்கலாம்?

கேள்வி (ஜீவா ஸ்டேஷன் பக்கம்)
மளிகைக் கடை மாடியில பத்துக்குப் பன்னிரண்டு ரூம் ஒண்ணு வாடகை இல்லாம கிடைச்சிருக்கு. கானா பாடுறவங்க, டேப்பு மேளம் அடிக்கிறவங்க, சுவர்ல எழுதுறவங்கன்னு யார் வந்தாலும் காசு வாங்காம ரெக்கார்டிங், எடிட்டிங் பண்ணிக் கொடுக்கணும். கையில 80,000 ரூபாய் இருக்கு. பசங்க கேமராங்கிறாங்க. எனக்கு மனசு பாட்டுலதான். எங்க பெரியப்பா சாவு வீட்டுல விடிய விடியப் பாடினவர். போன வருஷம் போயிட்டார். அவர் குரல்னு எங்ககிட்ட இருக்கிறது வாட்ஸ்அப்ல வந்த 40 செகண்டுதான். அதுலயும் டேப்பு அடி விழுற இடத்துல எல்லாம் குரல் அமுங்கிடுது. அவர் செட்டுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, எழுபதைத் தாண்டினவங்க. ஜன்னலைத் திறந்தா தண்டவாளம்.

பதில் (பெரம்பூர், சவுண்டு வேலை)
கேமரா அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி. போன் தானாவே லெவலை ஏத்தி இறக்கும். அடி விழுந்ததும் மொத்தமா இறக்கிடும், குரலும் கூடவே போயிடும். அதனால டைனமிக் மைக் (கிட்ட இருக்கிற சத்தத்தை மட்டும் நல்லா பிடிக்கிறது) ரெண்டு, மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற ரெண்டு சேனல் இன்டர்ஃபேஸ் ஒண்ணு வாங்குங்க. குரல் ஒரு டிராக், டேப்பு ஒரு டிராக். மைக் வாய்க்கு நாலு விரல் தள்ளி இருக்கட்டும். நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் உங்க ரூமுக்கு வேணாம், தூரத்து ரயிலையும் இழுத்துக்கும். 24 பிட்ல எடுங்க, பலமான அடியே லெவல் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. 48 கிலோஹெர்ட்ஸ்ல ரெண்டு டிராக் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி வரும், ரெண்டு ஹார்டு டிஸ்க்ல வைங்க. சாஃப்ட்வேருக்குச் செலவே இல்ல, ஆடாசிட்டிங்கிற இலவச ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போதும்.

சுவர்ல முட்டை அட்டை ஒட்டாதீங்க. ரயில் சத்தம் நிக்காது, தீப்பொறி பட்டா ஆபத்து. பழைய பஞ்சு மெத்தையைத் தொங்க விட்டா எதிரொலி அடங்கும். இன்னொண்ணு, பெரியவங்களைத் தனியா உட்கார வைக்காதீங்க. கூடப் பாட நாலு பேர் இல்லன்னா கானா எழும்பாது.

பதில் (தண்டையார்பேட்டை)
ஒலிப்பதிவுக்கு முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேத்துக்கிறவர்தான் 1957 காப்புரிமைச் சட்டப்படி தயாரிப்பாளர். அதாவது சும்மா விட்டா பதிவு உங்க லேப் பேர்ல போயிடும். உரிமை பாடினவருக்கேன்னு முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பாட்டு அவரே கட்டினதுன்னா, அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் குடும்பத்துக்கு உரிமை இருக்கு.

பதில் (காசிமேடு)
நான் மீன்பிடி போட்டுக்குப் பேர் எழுதுறவன். ஒரு ஸ்கேனரும் வாங்குங்க அண்ணே. என் கையெழுத்துல 247 எழுத்தையும் பிரஷ்ல எழுதித் தரேன். ஃபான்ட்ஃபோர்ஜ்ங்கிற எழுத்துரு செய்யுற சாஃப்ட்வேர் தெரிஞ்ச பையன் யாராவது எழுத்துருவா மாத்தட்டும்.

கேட்டவர்
ஸ்கேனரும் வாங்கிடலாம், நீங்க கண்டிப்பா லேப்புக்கு வாங்க. நேத்து பெரியப்பா செட்டுல ஒருத்தரைப் போய்ப் பார்த்தேன். “சும்மா பாட வராதுப்பா, யாருக்குப் பாடுறேன்னு பேர் சொல்லித்தான் எடுப்பேன்”னார். பெரியப்பா பேரைச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கார்.