கணிதமா, வணிகக் கணிதமா?

குழு: நம்ம ஒறம்பரை

வியாழன்

அப்பா, மாலை 6:42
எல்லாருக்கும் வணக்கமுங். பாப்பாளுக்குப் பதினொண்ணாவது அட்மிஷன் நாளைக்குப் பத்து மணிக்குள்ள முடிக்கோணுமாமா. கணக்குல 68 மார்க்குங்கறதால கணக்கு குரூப் குடுக்க யோசிக்கறாங்க. கணக்கில்லாத சயின்ஸ் குரூப், இல்லாட்டி வணிகக் கணிதம் வர்ற காமர்ஸ், ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கச் சொல்றாங்க. இவளுக்கு ஏர்ஃபோர்ஸ் போகோணும்னு ஆசை. மிலிட்டரிக்கு எந்த குரூப் படிச்சாலும் போலாம்னு யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரு. அப்ப எதை எடுத்தா என்னங்?

பல்லடம் அத்தை, 6:45
காமர்ஸே எடுக்கட்டும் தம்பி. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மிலிட்டரி? நம்ம பனியன் கம்பெனி கணக்காச்சும் பாத்துக்குவா

நான், 6:45
அத்தை!!

அம்மா, 6:47
அண்ணா இதைப் பாத்தா போன் பண்ணுங். காலையில இருந்து இவ சோறு திங்கல

சூலூர் மாமா, 7:20
இப்பத்தான் பாத்தேன். போன்ல வேண்டாம், எழுதியே வெக்கறேன், நாளைக்கு ஸ்கூல்ல காட்டலாம்.
மாப்ளே, எந்த குரூப்னாலும் போலாம்ங்கறது பாதி நெசம். என்டிஏவுல, அதான் பன்னெண்டாவது முடிச்சதும் ஆபீசராகப் படிக்கற தேசியப் பாதுகாப்பு அகாடமியில, ஆர்மிக்கு மட்டும்தான் பன்னெண்டாவதுல எந்தப் பாடம் இருந்தாலும் சரி. ஏர்ஃபோர்ஸ், நேவி ரெண்டுக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூணும் இருந்தாகோணும். கணக்கில்லாத சயின்ஸ் குரூப்ல போய் உக்காந்தா, என்டிஏ வழியா ஏர்ஃபோர்ஸ் போற கதவை நாமளே சாத்துன மாதிரி.

அப்பா, 7:22
வணிகக் கணிதமும் கணக்குத்தானுங்களே மச்சான்?

சூலூர் மாமா, 7:23
காமர்ஸ் குரூப்ல இயற்பியல் எங்க இருக்குது, வேதியியல் எங்க இருக்குது? கேக்கறது மூணு பாடம் மாப்ளே

காங்கயம் அண்ணன், 7:31
இதுல நான் அடிபட்டவன், சொல்றேன் கேளுங். காமர்ஸ் முடிச்சுட்டு, ஆர்மிக்குத்தானேன்னு தைரியமா என்டிஏ எழுதப் போனேன். முதல் தாளே கணக்கு. 120 கேள்வி, 300 மார்க், ரெண்டரை மணி நேரம். ஆர்மி கேட்டாலும் ஏர்ஃபோர்ஸ் கேட்டாலும் தாள் ஒண்ணேதான். தப்பாப் போட்டா அந்தக் கேள்வி மார்க்குல மூணுல ஒரு பங்கைக் கழிப்பாங்க. திரிகோணவியல், வெக்டார்னு வரிசையா வருது. 19 கேள்விக்கு மேல கை வெக்க முடியல. மீதி நேரம் பூரா முன்னாடி உக்காந்திருந்தவன் சட்டையில இருந்த கட்டத்தை எண்ணிட்டு இருந்தேன்

காங்கயம் அண்ணன், 7:32
குறுக்கால 14 கட்டமுங்

நான், 7:32
அண்ணா 😂

பல்லடம் அத்தை, 7:35
நீ இன்னும் மிலிட்டரிக்குத்தானே படிக்கற?

காங்கயம் அண்ணன், 7:36
ஆமாங் அத்தை. பி.காம் முடிச்சுட்டு சிடிஎஸ் எழுதுவேன், டிகிரி முடிச்சவங்க ஆபீசராக எழுதற பரீட்சை. அதுல சென்னைப் பரங்கிமலையில இருக்கற ஆர்மி ஆபீசர் பயிற்சி அகாடமி ஓடிஏவுக்குக் கணக்குத் தாள் கிடையாது, இங்கிலீசும் பொது அறிவும்தான். பொண்ணுகளும் எழுதலாம். ஆனா நான் மூணு வருசம் சுத்திப் போறேன். பாப்பா நேர் ரோட்டுலயே போகட்டும்

பல்லடம் அத்தை, 7:40
பொண்ணுகளை அங்க நெசமாவே சேத்துக்கறாங்களா?

சூலூர் மாமா, 7:44
2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லி என்டிஏவுல சேத்தாங்க அம்மணி. 2025 மே மாசம் முதல் செட்டுல 17 பொண்ணுக படிப்பை முடிச்சு வெளிய வந்தாங்க. விண்ணப்பத்துக்குப் பொண்ணுகளுக்குக் கட்டணமும் இல்ல. வயசு பதினாறரையில இருந்து பத்தொம்பதரைக்குள்ள. வருசத்துக்கு ரெண்டு பரீட்சை, பன்னெண்டாவது படிக்கும்போதே எழுதலாம்

அம்மா, 7:46
டாக்டராப் படிச்சு மிலிட்டரில சேர முடியாதுங்ளாண்ணா?

சூலூர் மாமா, 7:48
புனே மிலிட்டரி மெடிக்கல் காலேஜ் இருக்குது. அதுக்கு உயிரியல் வேணும், நீட் வேணும். இவளுக்கு அந்த நெனப்பு இருக்குதா?

நான், 7:48
இல்லீங் மாமா. ரத்தம் பாத்தா மயக்கம் வருது

பல்லடம் அத்தை, 7:49
ரத்தம் பாத்தா மயக்கம் வர்றவ மிலிட்டரிக்கு!

அப்பா, 7:55
ஆறாவதுலயே மிலிட்டரிக்குப் புள்ளைகளைத் தயார் பண்ற அமராவதி நகர் சைனிக் ஸ்கூலுக்கு எழுத வெச்சிருக்கோணும். உடுமலை பக்கத்துல இருந்தும் கோட்டை விட்டுட்டோம்

சூலூர் மாமா, 7:57
அது ஆறாவதுக்கும் ஒம்பதாவதுக்கும் எடுக்கறது. போனதை விடுங். காலையில ஒம்பது மணிக்கே நீங்களும் பாப்பாளும் நேர்ல போங். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்ல கணிதம், இயற்பியல், வேதியியல் மூணும் வருது, அதைக் கேளுங். இல்லீன்னு சொன்னா பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப்பள்ளிக்குப் போங், கௌரவம் பாக்காதீங்.
அம்மணி, ஒண்ணு. ரெண்டாவது தாள் 600 மார்க்கு, அதுல இங்கிலீசுக்கே 200. கேள்வித்தாள் இங்கிலீசுலயும் இந்தியிலயும்தான் இருக்கும், தமிழ்ல வராது. நீ தமிழ் மீடியம். கணக்கை விட இதுதான் உன்னைக் காலை வாரும். இன்னைக்கே ஆரம்பி

நான், 7:59
சரிங் மாமா

சூலூர் மாமா, 8:03
இன்னொண்ணு. பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி கண் டாக்டர்கிட்டப் போய் நெறம் பிரிச்சுத் தெரியுதான்னு பாருங். புள்ளி புள்ளியா ஒரு பொஸ்தகம் வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்கும். பறக்கற வேலைக்கு இது ரொம்ப முக்கியம்

சூலூர் மாமா, 8:04
அமுச்சி, எங்கம்மா, பக்கத்துல உக்காந்துட்டு சொல்லச் சொல்லுது: "போன நோம்பிக்கு வந்தப்ப கருக்கல்ல பழுத்த மொளகாயா பாத்துப் பாத்துப் பறிச்சுப் போட்டா, பச்சை ஒண்ணு கூட விழுகல. டாக்டருக்கு எதுக்குக் காசு?"

நான், 8:05
😂😂 அமுச்சிக்கு ஒரு முத்தம்

அம்மா, 8:06
டாக்டரையும் பாத்தர்றோமுங். இவ இப்பத்தான் சோத்துத் தட்டை எடுத்தா

வெள்ளி

அப்பா, காலை 10:20
[படம்]
மொதல்ல முடியாதுன்னாங்க. மச்சான் எழுதுனதைக் காட்டுனேன், பாப்பாளே நின்னு பேசுனா. காலாண்டுப் பரீட்சையில கணக்குல 60க்குக் கீழ வந்தா குரூப் மாத்திருவோம்னு எழுதி வாங்கிட்டுக் குடுத்திருக்காங்க

சூலூர் மாமா, 10:24
ரசீது மங்கலாத் தெரியுது. கணிதமா, வணிகக் கணிதமா? நல்லாப் பாரு அம்மணி

நான், 10:25
கணிதமேதானுங் மாமா. மூணு வாட்டி பாத்துட்டேன்

பல்லடம் அத்தை, 10:31
சரி சரி. கணக்கு டியூசனுக்கு இங்க ஒரு டீச்சர் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா தம்பி, கேட்டு வெக்கறேன்