அத்தையின் ரிங்டோன்

குழு: தாத்தா வீடு

சித்தி: அண்ணி, காலையில் பிரகாரம் சுற்றும்போது உங்கள் போன் அடித்ததே, அது என்ன பாட்டு? குருக்களே திரும்பிப் பார்த்தார் 😄

அத்தை: எனக்கென்ன தெரியும். பேத்தி லீவுக்கு வந்தபோது வைத்துவிட்டுப் போனாள். பியானோ வாசித்துக்கொண்டு ஒரு பையன் பாடுகிறான். நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அத்தை: 🎤 குரல் பதிவு 0:17

தம்பி: ஐயோ அத்தை 😂😂😂 கோயிலிலா இது அடித்தது?

தம்பி: அக்கா, நீயே சொல்லு. ஜப்பானில் இருப்பது நீதானே.

நான்: ரயிலில் கூட்டம். ஷின்-யோகோஹாமாவில் இறங்கி எழுதுகிறேன்.

நான்: இறங்கிவிட்டேன். அத்தை, பாடுபவர் பெயர் ஃபுஜீ காஸே. காஸே என்றால் காற்று, நிஜப் பெயரே அதுதான். ஒகயாமா மாகாணத்தில் சதோஷோ என்ற சின்ன ஊர்க்காரர். அப்பா காபிக் கடை நடத்தினார். பையன் 12 வயதிலேயே பியானோ வாசித்து யூடியூபில் போட ஆரம்பித்துவிட்டான். பாட்டு எழுதுவதும் மெட்டுப் போடுவதும் அவரேதான்.

அத்தை: அதெல்லாம் சரி, பாட்டுக்கு என்ன அர்த்தம்?

தம்பி: சொல்லு சொல்லு

நான்: பாட்டின் பெயர் ‘ஷினுனோகா ஈ-வா’. “செத்துப்போவதே மேல்” என்று அர்த்தம்.

சித்தி: 🙈

அத்தை: சிவ சிவா. அதையா அம்பாள் சன்னிதியில் அலற விட்டேன்?

நான்: காதல் பாட்டுதான் அத்தை. உன்னைப் பிரிவதற்கு அது தேவலாம் என்கிறார். இங்கே குழந்தைகள் சுண்டுவிரல் கோத்துச் சத்தியம் செய்யும்போது, பொய் சொன்னால் ஆயிரம் ஊசி விழுங்க வேண்டும் என்று பாடுவார்கள். இந்தப் பாட்டு அதில்தான் தொடங்குகிறது. அப்புறம், மூன்று வேளைச் சோற்றைவிட நீதான் பெரிது என்று ஒரு இடம் வரும்.

சித்தப்பா: சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதியிருப்பார்.

தம்பி: இது 2020இல் வந்த முதல் ஆல்பத்தில் ஒரு ஓரமாக இருந்த பாட்டு. தனியாக வெளியிடவே இல்லை. 2022இல் தாய்லாந்தில் டிக்டாக்கில் பற்றிக்கொண்டு உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த வருடம் டிசம்பர் 31 இரவு, ஜப்பானின் என்எச்கே டிவியில் வருடக் கடைசியில் வரும் பெரிய பாட்டு நிகழ்ச்சியான கோஹாகுவில் இதைத்தான் பாடினார்.

பெரியம்மா: அந்த முதல் ஆல்பத்துக்கு என்ன பெயர்?

தம்பி: ‘ஹெல்ப் எவர் ஹர்ட் நெவர்’

பெரியம்மா: அது சத்ய சாயிபாபா சொன்னதாயிற்றே! எங்கள் பஜனை ஹாலில் சுவரிலேயே எழுதியிருக்கிறது.

நான்: அவர் வாக்கேதான் பெரியம்மா. 2022இல் வந்த அடுத்த ஆல்பம் ‘லவ் ஆல் சர்வ் ஆல்’. 2025இல் வந்தது ‘பிரேமா’, அதில் எல்லாமே ஆங்கிலப் பாட்டு. ‘கிரேஸ்’ என்ற பாட்டின் வீடியோவை இந்தியாவுக்கே வந்து எடுத்தார். அந்தத் தலைப்புகள் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்தபோது இங்கே சிலர் முகம் சுளித்தார்கள்.

சித்தப்பா: பாட்டுக் கேட்க வந்தவனுக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

பெரியம்மா: உங்களுக்கு எதுதான் உறுத்தாது? நீ எனக்கு வரிசையாக எழுதி அனுப்பு கண்ணு. எதை முதலில் கேட்கலாம்?

தம்பி: ‘கிராரி’. 2021, ஹோண்டா வெசல் கார் விளம்பரத்துக்கு வந்தது. யாருக்குப் போட்டாலும் பிடிக்கும்.

நான்: அது காரில் போகும்போது கேட்கிற பாட்டு. முதலில் ‘நான்-நான்’ கேளுங்கள். 2019இல் அவர் அறிமுகமானதே அதில்தான்.

அத்தை: நான் நானா? பெயரிலேயே அகம்பாவம்.

நான்: 😂 “என்னப்பா இது” என்கிற மாதிரி அவர் ஊர்ப் பேச்சு அத்தை. ஆனால் நீங்கள் சொன்னதும் ரொம்பத் தப்பில்லை. உள்ளே இருக்கிற ஒரு நான், “அப்போதே சொன்னேனே, கேட்டாயா?” என்று வெளியே திரிகிற நானைக் கடிந்துகொள்கிற பாட்டு அது. தொடங்குகிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவர் பல்லிடுக்கில் கடல்பாசித் தூள் ஒட்டியிருக்கிறது, அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்.

சித்தி: நமக்குக் கறிவேப்பிலை. அண்ணி, அந்த வளைகாப்பு போட்டோவில்…

அத்தை: அதை இப்போது எதற்கு இழுக்கிறாய்?

நான்: அதில் ‘நான்’ என்பதற்கே ‘வாஷி’ என்றுதான் பாடுவார். டோக்கியோவில் அது கிழவர்கள் பேச்சு. என் ஆபீஸில் ஒகயாமாக்காரர் ஒருவர் இருக்கிறார். எங்களிடம் டிவியில் செய்தி வாசிப்பதுபோல் பேசுவார், அம்மா போன் செய்தால் மட்டும் அந்தப் பேச்சு வந்துவிடும். ‘மோ-ஏ-வா’ என்றும் ஒரு பாட்டு உண்டு. “போதும்ப்பா, விடு” என்று அர்த்தம். அதுவும் மேற்குப் பக்கத்துப் பேச்சுதான். நேர்த்தியான ஜப்பானியத்தில் எழுதியிருந்தால் இதெல்லாம் வெறும் உபதேசமாகப் போயிருக்கும்.

தம்பி: நிசான் மைதானத்தைப் பற்றிச் சொல்லு

நான்: இந்த ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். சுமார் 70,000 பேர் உட்காரலாம். கொரோனா நேரம், 2021 செப்டம்பர் 4. ஒரு ஆள் கிடையாது. புல்தரையில் ஒரு பியானோ, மேலே மழை. தனியாக உட்கார்ந்து வாசித்தார், யூடியூபில் இலவசமாக ஓடியது. 2024 ஆகஸ்டில் அதே இடத்தில் இரண்டு நாள், ஆட்களோடு. அந்தப் பக்கம் காய்கறி வாங்கப் போனால்கூட எனக்கு மழை வீடியோதான் நினைவுக்கு வரும்.

பெரியம்மா: பக்திப் பாட்டு மாதிரி ஏதாவது இருக்கிறதா?

நான்: ‘காயெரோ’. “வீட்டுக்குப் போகலாம் வா” என்று அர்த்தம். முதல் ஆல்பத்தில் கடைசிப் பாட்டு. கிளம்பும்போது எதை எடுத்துப் போகப் போகிறோம், சுமையை ஒவ்வொன்றாக இறக்கி வை என்கிறார். பகையை நான் முதலில் மறந்துவிடுகிறேன் என்கிறார். சாவைப் பற்றியே பாடிக்கொண்டு வந்து, இன்று முதல் எப்படி வாழ்வது என்ற கேள்வியோடு முடித்துவிடுவார்.

சித்தப்பா: காதறுந்த ஊசியும் கூட வராது என்பார்களே, அதுதான்.

தம்பி: ஒரு பாட்டில் ஆயிரம் ஊசி, இன்னொன்றில் ஒரு ஊசிகூட இல்லை 👏

பெரியம்மா: கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. இரண்டு தடவை கேட்டேன்.

அத்தை: எனக்கு முதலில் இந்த ரிங்டோனை மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும். மங்களகரமாக ஒன்று சொல்லு.

நான்: ‘மத்ஸுரி’ வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா என்று அர்த்தம். குழல் மாதிரி ஒரு சத்தம் வரும், நன்றாக இருக்கும்.

அத்தை: ஆங், அது போதும். அனுப்பு.

தம்பி: அக்கா, அதிலும் பிறப்பதும் சாவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்று ஒரு வரி வருமே?

நான்: டேய், இது குழு. தனியாக அனுப்பு.

அத்தை: படித்துவிட்டேன்.