32 பிட் கெர்னல் 64 பிட் லேப்டாப்புல நிக்குது: ப்ராசசர் தப்பா, அசெம்பிளர் தப்பா?

அம்மாபேட்டை_பையன்:
வணக்கம்ணா. ப்ராஜெக்டுக்கு சின்னதா ஒரு கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) எழுதுறேன், க்ரப்ங்கற பூட்லோடர் வழியா பூட் ஆகுற 32 பிட் மல்டிபூட் (க்ரப் ஏத்துக்கற ஃபார்மட்) ஃபைல். லேப்டாப் ஐ5, உபுண்டு 64 பிட். பில்ட் பண்ண மேக் அடிச்சா, அசெம்பிளில எழுதின பூட் ஃபைல்ல புஷ்எல் (32 பிட் மதிப்ப ஸ்டாக்ல வைக்கறது) வர்ற எல்லா வரியிலயும் "இன்வாலிட் இன்ஸ்ட்ரக்‌ஷன் சஃபிக்ஸ் ஃபார் புஷ்"னு எரர். வெள்ளிக்கிழமை ரிவ்யூண்ணா.

ஜங்ஷன்_சர்வீஸ்:
தம்பி உன்னுது 64 பிட் ப்ராசசர், 32 பிட் கோட் அதுக்கு சேராது. கடைசில எல் (32 பிட்) வர்ற இடத்துல க்யூ (64 பிட்) போடு, ஈஏஎக்ஸ் ரிஜிஸ்டர அதோட 64 பிட் பேரான ஆர்ஏஎக்ஸ் ஆக்கு, எரர் போயிடும். இல்லன்னா நம்ம கடைல ஏஎம்டி கே6-2ன்னு பழைய 32 பிட் ப்ராசசர் போட்ட பெட்டி ஒண்ணு ஓடுற கண்டிஷன்ல இருக்கு, வந்து அதுலயே கம்பைல் பண்ணிக்க.

அம்மாபேட்டை_பையன்:
க்யூ போட்டேன்ணா, எரர் இல்லாம ஐஎஸ்ஓ (சிடி இமேஜ்) வரைக்கும் வந்துடுச்சு. ஆனா க்ரப் ஈஏஎக்ஸ்ல குடுக்கற மேஜிக் நம்பர் (மல்டிபூட்ல ஏத்தினதுக்கு அடையாளம்) ஹெக்ஸ்ல 2பிஏடிபி002 தானே, அதை முதல் வரியிலயே ஆர்சிஎக்ஸ்ங்கற ரிஜிஸ்டருக்கு மாத்தி வச்சேன், க்யூஇமு (பிசி எமுலேட்டர்) மானிட்டர்ல ரிஜிஸ்டர் பாத்தா 2பிஏடிபி001னு நிக்குது. ஒண்ணு எங்க கொறஞ்சதுன்னே புரியல, ரெண்டு ராத்திரி போச்சு.

ஏற்காடு_மலை:
ராத்திரி இடி மழை, இப்பதான் கரண்ட் வந்துச்சு, அதான் லேட். ஜங்ஷன் சார், கோவிச்சுக்காதீங்க, நீங்க சொன்ன வழி எரர மறைச்சுடுச்சு, தப்பு உள்ள அப்படியே இருக்கு. அசெம்பிளர், அதாவது நாம எழுதற வரிய மெஷின் பைட்டா மாத்தறது, நாம எந்த ப்ராசசர்ல உக்காந்திருக்கோம்னு பாக்கறதே இல்லைங்க, எந்த மோடுக்கு எழுதச் சொல்றோமோ அதுக்கு பைட் போடும், அவ்ளோதான். 64 பிட் உபுண்டுல ஒண்ணும் சொல்லலன்னா 64 மோடுன்னு எடுத்துக்கும். அந்த மோடுல ஹெக்ஸ் 50ங்கற பைட்டுக்கு புஷ் ஆர்ஏஎக்ஸ்னு அர்த்தம், 32 பிட் புஷ்ஷுக்கு பைட்டே கிடையாது, அதான் புஷ்எல்ல ஏத்துக்கல. க்யூ போட்ட மூவ் முன்னாடி 48னு ஒரு பைட் சேத்து வைக்கும். ஆனா க்ரப் நம்ம கைல குடுக்கறப்ப ப்ராசசர் 32 பிட் மோடுல இருக்கு, அங்க அதே 48க்கு ஈஏஎக்ஸ்ல ஒண்ணு கழின்னு அர்த்தம். கழிச்சுட்டுத்தான் மூவ் பண்ணிருக்கு, தம்பி பாத்த 001 அதுதான். ஐ5 கூட பவர் போட்டதும் 16 பிட்லதாங்க எந்திரிக்குது, 32 பிட் அதுக்கு புதுசில்ல. தம்பி, க்யூ எல்லாத்தையும் பழையபடி எல் ஆக்கிட்டு, சி கம்பைலர் ஜிசிசிக்கு -எம்32, அசெம்பிளர் ஏஎஸ் தனியா கூப்பிட்டா --32, லிங்கர் எல்டிக்கு -எம் எல்ஃப்_ஐ386. மூணுல எதையும் விட்டுடாத.

ஜங்ஷன்_சர்வீஸ்:
48 விஷயம் எனக்கு தெரியாது, க்யூ போடச் சொன்னது தப்புதான். ஆனா ப்ராசசருக்கு சம்பந்தமே இல்லங்கற மாதிரி பேசறத நான் ஒத்துக்க மாட்டேன். போன வருஷம் ஒரு பையன் இதே -எம்32 போட்டு கொண்டு வந்தான், அவன் லேப்டாப்புல ஓடுச்சு, நம்ம கே6-2ல போட்டா ரீபூட் ஆயிட்டே இருந்துச்சு. காரணம் சிமூவ் (கண்டிஷன் சரின்னா மட்டும் மூவ் பண்றது) இன்ஸ்ட்ரக்‌ஷன், 1995ல பென்டியம் ப்ரோல வந்தது, கே6-2ல கிடையாது. 32 பிட்னு சொன்னா போதாதுங்க, எந்த 32 பிட்னு சொல்லணும்.

ஏற்காடு_மலை:
அது முழுக்க சரிங்க. நான் சொல்ல வந்தது கம்பைல்ல வர்ற எரரப் பத்தி, நீங்க சொல்றது ஓட்டறப்ப விழறது, அங்க ப்ராசசர் பேச்சுதான் செல்லும். 64 பிட் உபுண்டு ஜிசிசி -எம்32லயும் சிமூவ் போடும், அதுக்கும் பின்னாடி வந்த எஸ்எஸ்இ2 கூட போடலாம். அதனால பழைய ப்ராசசருக்கும் சேர்ற கோட் வர -மார்ச்=ஐ586, -எம்நோ-எஸ்எஸ்இ ரெண்டும் சேத்துக்க தம்பி. கையால எழுதின ஃபைல்ல சிமூவ் இருந்தா அத ஜிசிசி தடுக்காது, ஏஎஸ்க்கும் தனியா -மார்ச்=ஐ586 குடுத்தா எந்த வரின்னு அதுவே காட்டிடும்.

அம்மாபேட்டை_பையன்:
வந்துடுச்சுண்ணா, 2பிஏடிபி002! எல்டில மட்டும் விட்டிருந்தேன், ஐ386 ஃபைல் எக்ஸ்86-64 அவுட்புட்டுக்கு சேராதுன்னு திட்டுச்சு, அப்பறம் சரி பண்ணிட்டேன். ஜங்ஷன் அண்ணா, அந்த கே6-2ல ஒரு தடவ ஓட்டிப் பாக்க வரலாமா?

ஜங்ஷன்_சர்வீஸ்:
சனிக்கிழமை சாயங்காலம் வா தம்பி. அதுல பென்டிரைவ் பூட் கிடையாது, சிடில எழுதி எடுத்துட்டு வா.