பழைய தமிழ்ப் படங்கள்: உண்மையான மதிப்பா, வெறும் பழம்பெருமையா?

கோவை வேலன்:
'இப்போது வருவதெல்லாம் படமா, அந்தக் காலத்துப் படங்களுக்கு ஈடாகுமா' என்று போன வாரம் இங்கே ஒரு பதிவு வந்தது. கீழே எல்லோரும் ஆமாம் போட்டிருந்தார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை, அதனால் தனித் திரி.

1950, 60களில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் சீண்டுவதில்லை. காலம் சலித்துக் கொடுத்த பத்துப் பதினைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வருடம் வந்த மோசமான படத்தோடு மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள்? அடுத்தது நடிப்பு. மேடை நாடகத்தைக் கேமரா முன்னால் நடத்திய மாதிரிதான் இருக்கிறது. ஒருவர் அடுக்குமொழியில் பேசி முடிக்கும் வரை மற்றவர் சும்மா நிற்கிறார். இதை என் வயதுக்காரர்கள் எதற்காகக் கொண்டாட வேண்டும்?

ரீல்பெட்டி ராமன்:
//மேடை நாடகத்தைக் கேமரா முன்னால் நடத்திய மாதிரி//

தம்பி, அது குறை மட்டும் அல்ல, வரலாறு. அன்றைய நடிகர்கள் பலர் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர்கள். மைக் சரியாக இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை குரல் போக வேண்டும். அந்தப் பயிற்சியோடு ஸ்டூடியோவுக்குள் வந்தார்கள். 1952இல் 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியில் சிவாஜி பேசியது அப்படிப்பட்ட குரல்.

ஆனால் எல்லோரும் அப்படியே நடித்தார்கள் என்பது தவறு. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் தான் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையை, அப்பாவாக வரும் பாலையாவுக்குச் சொல்லும் இடத்தைத் திரும்பப் பாருங்கள். பேச்சு முழுக்க நாகேஷுடையது. பாலையாவுக்கு வசனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முதலில் பணக்கார அப்பாவின் அலட்சியம். அப்புறம் கண் மட்டும் கொஞ்சம் பெரிதாகிறது. கழுத்து உள்ளே போகிறது, வாய் தானாகத் திறக்கிறது. பயந்துவிட்டோம் என்பது மகனுக்குத் தெரியக் கூடாதே என்ற கவலையும் அதே முகத்தில் ஓடுகிறது. சிரிப்பு வருவது கதை சொல்பவரால் பாதி, கேட்பவரால் பாதி. எதிர்வினையால் மட்டுமே ஒரு காட்சியைத் தூக்கி நிறுத்துவதை இன்றைக்கும் நடிப்புப் பாடமாக வைக்கலாம். இது எந்த ஊர் நாடகத்தனம்?

யாழ் சிவம்:
வேலன், நீங்கள் விட்ட ஒன்று. அந்தப் படங்களை நாங்கள் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், படத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, ஒலி மட்டும். முகம் தெரியாது, இடம் தெரியாது, குரலை வைத்தே முழுக் கதையும் புரிய வேண்டும். அந்த அடுக்குவசனத்தால்தான் அது முடிந்தது. தெருவில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் போதும், அத்தனை பேருக்கும் வசனம் மனப்பாடம். கண்ணுக்கு மட்டும் எடுத்த படம் அப்படி ஒரு பெட்டிக்குள் நுழைந்து வந்திருக்காது.

கோவை வேலன்:
பாலையா விஷயத்தில் சரி, மறுக்கவில்லை. ஒலிச்சித்திரம் நான் யோசிக்காத கோணம். ஆனால் அது அந்தக் காலத்துத் தேவை. என் கேள்வி இன்றைக்கு என்ன என்பது. 'தாக்கம், தாக்கம்' என்கிறீர்களே, எதில் தாக்கம்? 'அந்த நாள்' படத்தை எல்லோரும் முன்னோடி என்பீர்கள். அதுவே ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ராஷோமான்' பாதிப்பில் வந்ததுதானே?

ரீல்பெட்டி ராமன்:
(படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன்.)

ஆமாம், அந்தப் பாதிப்பு உண்டு. 'ராஷோமான்' 1950, 'அந்த நாள்' 1954. ஆனால் வாங்கியதை வைத்து என்ன செய்தார் என்று பாருங்கள். எடுத்தவர் வீணை எஸ். பாலசந்தர். சங்கீதத்திலேயே ஊறிய மனிதர், படத்தில் ஒரு பாட்டுகூட வைக்கவில்லை. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படம் அது. 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் கதை தொடங்குகிறது. எடுத்த எடுப்பில் ஒரு துப்பாக்கிச் சத்தம், சிவாஜி செத்து விழுகிறார். சாட்சிகள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லச் சொல்ல, செத்தவன் யார் என்பதே மாறிக்கொண்டு போகிறது. கடைசியில் அவன் எதிரி நாட்டுக்கு உளவு சொன்னவன், சுட்டவள் மனைவி. 'பராசக்தி'யில் ஊரே கொண்டாடிய நடிகர், இரண்டே வருடத்தில் தேசத்துரோகியாக நடித்திருக்கிறார். இந்த ஊரின் பயத்தையும் போரையும் கொண்டுவந்து வைத்ததில்தான் அது நம் படம் ஆகிறது. படம் வந்தபோது ஓடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருடம் கழித்து 'விருமாண்டி'யில் ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னபோது, அந்த முறை தமிழுக்குப் புதிதாக இல்லை.

மீனாட்சி:
ராமன் அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் நல்ல தாக்கம். மற்றதை யார் சொல்வது? 'பட்டிக்காடா பட்டணமா' (1972) எங்கள் வீட்டில் டிவியில் போட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். லண்டனில் படித்து வந்த மனைவியைக் கணவன் சாட்டையால் அடிக்கிறான். அவள் திருந்துகிறாள், படம் சுபம். படித்த பெண் என்றால் திமிர், திமிர் என்றால் அடக்க வேண்டும் என்ற சூத்திரம் எத்தனை வருடம் ஓடியது! 1999இல் 'படையப்பா' வரை பெண்ணுக்கு அடக்கம் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய படங்களின் புகழைப் பாடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் தள்ளவும் மாட்டேன். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) எனக்கு உயிர். ஒரே மருத்துவமனை, மூன்று பேர். சாகப்போகிறோம் என்று நினைக்கும் கணவன், தன் மனைவியிடம் அவளுடைய பழைய காதலரான டாக்டரையே மறுமணம் செய்துகொள்ளச் சொல்கிறான். 1962இல் இது சின்ன விஷயமா? அவள் 'சொன்னது நீதானா' என்று பாடுகிறாள். கண்ணதாசன் அந்தக் கேள்வியிலேயே அவள் அவமானம், கோபம், அன்பு மூன்றையும் வைத்துவிட்டார். வின்சென்ட்டின் கேமரா அந்தச் சின்ன அறைக்குள்ளேயே சுற்றுகிறது. ஆனால் கதை முடியும்போது டாக்டரைச் சாகடித்துவிட்டு, மறுமணம் என்ற பேச்சே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். தைரியமாகக் கதவைத் திறந்து உடனே சாத்திக்கொண்ட படம். இரண்டையும் சேர்த்தே எனக்குப் பிடிக்கும்.

கோவை வேலன்:
மீனாட்சி அக்கா சொன்னதுதான் நான் சொல்ல நினைத்தது, என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். 'பொற்காலம்' என்று மொத்தமாக முத்திரை குத்துவதுதான் எனக்குப் பிரச்சினை. கும்பிட வேண்டிய பொருளாக்கிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தேவி எடிட்டர்:
கேள்வி கேட்கவும் முதலில் படம் கையில் இருக்க வேண்டும். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', ஒரு பிரதிகூட இல்லை. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936இல் தானே 'மிஸ் கமலா' படத்தை இயக்கினார். அதையும் இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. அன்றைய நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், சும்மா வைத்திருந்தாலே மக்கிப் பொடியாகும். போதாததற்கு, அதிலுள்ள வெள்ளிக்காகவே பழைய பிரதிகளைக் கரைத்து விற்றார்கள்.

மிச்சம் இருப்பதையும் நாம் பார்க்கும் லட்சணத்தைப் பாருங்கள். கிட்டத்தட்டச் சதுரமாக எடுத்த காட்சியை அகலத் திரைக்கு இழுத்துவிடுகிறார்கள், முகமெல்லாம் தட்டையாகிவிடும். இல்லையென்றால் மேலேயும் கீழேயும் வெட்டி நெற்றியைக் காணாமல் செய்கிறார்கள். மூலையில் சேனல் முத்திரை வேறு. வேலன், நீங்கள் பார்த்து அலுத்தது இந்தப் பிரதிகளைத்தானோ என்று எனக்குச் சந்தேகம். 2012இல் 'கர்ணன்' படத்தை டிஜிட்டலில் சுத்தம் செய்து தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது நூறு நாளைத் தாண்டி ஓடியது. 1964 படம்! வந்தவர்களில் முதல் வெளியீட்டின்போது பிறக்காதவர்கள் ஏராளம்.

கோவை வேலன்:
'கர்ணன்' சிவாஜிக்காகவும் மகாபாரதத்துக்காகவும் ஓடியது. பெயர் தெரியாத நடிகர்களின் பழைய படத்தை அப்படிப் போட்டால் ஓடுமா? அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்ல பிரதி பற்றிச் சொன்னது நியாயம். 'அந்த நாள்' வெட்டாத பிரதி எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள், முடிவு தெரிந்துவிட்டாலும் பரவாயில்லை.

ரீல்பெட்டி ராமன்:
தனிமடலில் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். மீனாட்சி, 'பட்டிக்காடா பட்டணமா' பற்றி நீங்கள் தனித் திரியே தொடங்கலாம். சாட்டை விஷயத்தில் நான் உங்கள் பக்கம், சோழவந்தான் கிராமத்தைக் காட்டிய விதத்தில் மட்டும் கொஞ்சம் வாதாடுவேன்.