மொட்டைமாடிக் கூண்டில் ஒரு முயல்: நான் எடுத்துக்கொள்ளலாமா?

ஸ்ரீரங்கத்துக்காரி:

முயல் வளர்த்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள். மாடும் கன்றும் உள்ள வீட்டில் பிறந்தவள் நான். முயலைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் தெரியாது.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். இரண்டு வருடங்களுக்கு முன் பொருட்காட்சியில் அவர்களுடைய மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கி வந்தார்கள். போன கோடையில் ஒன்று இறந்துவிட்டது. இன்னொன்று மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில், கிளிக்கூண்டு மாதிரி ஒரு கூண்டில் கிடக்கிறது. இரண்டடி நீளம்கூட இருக்காது. மேலே ஒரு தகரம். அடியில் வெறும் கம்பி. அதன் கீழே புழுக்கை குவிந்து ஈ மொய்க்கிறது.

துணி காயப்போடப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். நகம் வளர்ந்து பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. காதுக்குள் பொருக்குப் பொருக்காக ஏதோ அப்பியிருக்கிறது. பின்னங்காலால் அதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது. சாப்பாடு என்றால் காலையில் மிஞ்சிய இட்லி, மாலையில் முட்டைக்கோஸ் இலை. தண்ணீர் கிடையாது. முயலுக்குத் தண்ணீர் வைத்தால் செத்துப்போகும் என்று கீழ்வீட்டுப் பாட்டி உறுதியாக நம்புகிறார். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. என் பிரசவ நேரத்தில் நள்ளிரவில் ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர் அந்த வீட்டுக்காரர்தான். முயல் எப்படி வாழும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். தலையைத் தூக்காமல் அது குடித்த விதத்தைப் பார்த்தபின் எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்த அம்மாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "வேண்டுமானால் நீயே வைத்துக்கொள். இல்லாவிட்டால் கொள்ளிடக் கரையில் புதர் பார்த்து விட்டுவிடச் சொல்கிறேன்" என்றார்.

என் சிக்கல் இதுதான். மாமியாருக்கு இளைப்பு உண்டு. புல் தூசியும் ரோமமும் ஆகாது. பின்பக்கத்தில் பத்தடிக்கு நாலடி ஒரு வராந்தா இருக்கிறது, காலை வெயில் மட்டும் வரும். எடுத்துவந்து தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். கணவர் மூன்று மாதம் என்று கெடு சொல்லியிருக்கிறார். இது நடக்கிற காரியமா? என் கையில் வந்து இறந்துபோனால் அந்தக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வேன்? அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கிவிடும். அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

மேல்மலை விவசாயி:

நான் கொடைக்கானல் மேல்மலையைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்து மன்னவனூரில் செம்மறி ஆட்டுக்கும் முயலுக்குமான மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கற்றுக்கொண்டுதான் ஏழு வருடம் முயல் பண்ணை நடத்தினேன். இப்போது விட்டுவிட்டேன்.

சகோதரி, நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அவசரப்பட்டு எடுக்காதீர்கள். முதலில் அந்தக் குடும்பத்தையே பார்க்க வைக்க முயலுங்கள். கூண்டை மாடியிலிருந்து கீழே இறக்கி நிழலில் வைக்கச் சொல்லுங்கள். கம்பியின் மேல் ஒரு பலகையும் சாக்கும் போட்டால் பாதம் புண்ணாகாது. கனமான மண்சட்டியில் தண்ணீர். தினமும் ஒரு கட்டு அருகம்புல். இந்த நான்கும் நடந்தாலே அது பிழைக்கும். நீங்கள் எடுத்துப் போய்விட்டால் அவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். அடுத்த பொருட்காட்சியில் அதே கூண்டுக்கு வேறொரு ஜோடி வரும்.

கொள்ளிடக் கரையில் விடுவதற்கு மட்டும் எந்த வழியிலும் இடம் கொடுக்காதீர்கள். நம் காட்டு முயல் வேறு, இந்த வெள்ளை முயல் வேறு. காட்டு முயல் புதரடியில் பதுங்கி, ஆபத்து என்றால் பாய்ந்து ஓடிப் பிழைக்கும். இதன் மூதாதை ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த இனம். கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்த வெள்ளை முயலை இங்கே வெளியில் விட்டால் ஒரு நாய்க்கு ஒரு நிமிட வேலை.

இன்னொன்று. "இலவசமாகக் கொடுக்கப்படும்" என்று எங்கேயும் போடாதீர்கள். வெள்ளை முயல் கறிக்கும் வளர்க்கப்படும் முயல் என்பதை மறந்துவிடக் கூடாது. குழந்தைக்கு என்று சொல்லி வாங்கிப்போய்க் குழம்பு வைத்தவர்களை நான் அறிவேன். பண்ணைக்காரனாக இருந்த நான் இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. ஆனால் நீங்கள் கொடுக்கப்போவது அதற்காக அல்லவே.

கோவை மாடித்தோட்டம்:

மேல்மலை அண்ணன் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் அந்தக் குடும்பம் முயலை மனத்தளவில் ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. ஆற்றங்கரையில் விடலாம் என்று வாய் வந்தபின் பலகையும் சாக்கும் போட்டுத் தருவார்கள் என்று நான் நம்பவில்லை. எடுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு உங்களுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். நல்ல வீடு கிடைக்காவிட்டால்? ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வீட்டு முயல் 8 முதல் 12 வருடம் வரை இருக்கும். இரண்டு வயது முயல் என்றால் உங்கள் பிள்ளை பள்ளி முடிக்கும் வரை இருக்கலாம். நான் இதுவரை மூன்று முயல்களை எடுத்தேன். முதல் முயலுக்கு ஒரு மாதத்தில் வீடு கிடைத்தது. இரண்டாவதற்குப் பதினொரு மாதம். மூன்றாவது ஐந்து வருடமாக இப்போது என் காலடியில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதம் என்பது நம் கணக்கு. முயல் விஷயத்தில் அது செல்லாது. உங்கள் கணவரிடமும் மாமியாரிடமும் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். நாலாவது மாதம் வீட்டில் சண்டை வந்தால் அந்தக் கோபம் முயல் மேல்தான் போய் விழும்.

மாமியார் விஷயம் பெரியதுதான், ஆனால் வழி இருக்கிறது. முயலை வராந்தாவை விட்டு உள்ளே கொண்டுவராதீர்கள். இளைப்பைக் கிளப்புவதில் காய்ந்த புல்லின் தூசிக்குப் பெரிய பங்கு உண்டு. புல்லை உதறும் வேலையை மொட்டைமாடியில் செய்யுங்கள். இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டு வாரத்தில் அவருக்கு இழுப்பு கூடினால் வேறு யோசனையே வேண்டாம், உடனே இங்கே எழுதுங்கள். திருச்சிப் பக்கத்தில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளக்கூடியவர்களைத் தேடலாம்.

சாப்பாடு: திடீரென்று மாற்றாதீர்கள். இட்லியைப் படிப்படியாகக் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்துங்கள். புல்தான் முக்கிய உணவு, எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். முயலின் பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். இட்லியில் என்ன தேயும்? கடையில் விற்கும் வெளிநாட்டு உலர்புல் விலை அதிகம். நான் அருகம்புல்லை வாங்கி, கழுவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி வைக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல்லுக்கா பஞ்சம்? மருந்தடித்த இடத்தில் அறுத்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்க விற்கும் அகத்திக்கீரை கட்டுக் கட்டாகக் கிடைக்கிறதே என்று அதையே போடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் போய்ப் படியும். கொத்தமல்லி, புதினா ஒரு கைப்பிடி போதும். கேரட் வாரத்தில் இரண்டு துண்டு. சவுண்டல் தழை ஆடு தின்னும்; முயலுக்கு ரோமம் கொட்டிவிடும், வேண்டாம்.

வெயிலுக்கு: முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் பெரிதும் வெளியேற்றும். 30 பாகை தாண்டினாலே திணறும். உங்கள் ஊரில் மே மாதம் 40 வரை போகும். ஈரச்சாக்கை வராந்தாக் கம்பியில் தொங்கவிடுங்கள். தண்ணீர்ப் புட்டியை உறையவைத்துத் துணி சுற்றி அருகில் போட்டால் அதன்மேல் சாய்ந்து படுக்கும். குளிப்பாட்டாதீர்கள். அழுக்கு எவ்வளவு இருந்தாலும் சரி, குளிப்பாட்டாதீர்கள். பயத்திலேயே இறந்த முயலை நான் பார்த்திருக்கிறேன்.

கால்நடை மருத்துவ மாணவி:

நான் இறுதியாண்டு மாணவி. இங்கே எழுதுவது மருத்துவரைப் பார்ப்பதற்கு மாற்று ஆகாது.

அக்கா, காதில் பொருக்கு என்று நீங்கள் விவரித்ததைப் படித்தால் காதுச் சொறிப் பூச்சியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியதுதான். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அடியில் பச்சைப் புண் இருக்கும், வலி தாங்காது. நாய்க்கு உண்ணி போக அடிக்கும் மருந்துகளில் ஃபிப்ரோனில் இருந்தால் அது முயலைக் கொன்றுவிடும். நமக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் மாத்திரையையும் வாய்வழி கொடுக்கக் கூடாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை பெருகி, சில நாட்களில் உயிர் போய்விடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது "முயலுக்கு நீங்கள் மருத்துவம் பார்த்த அனுபவம் உண்டா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அதிக தூரமில்லை. அதிகாலையில் கிளம்புங்கள்.

ஒரே ஓர் ஆபத்துக் குறியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் குந்தியிருந்தால் குடல் இயக்கம் நின்றுவருகிறது என்று பொருள். நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். முயலுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது.

ஆணா பெண்ணா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் சொன்னது பாதி நேரம் தப்பாக இருக்கும். பெண் என்றால் கருத்தடை அறுவையை மருத்துவரிடம் பேசுங்கள். வயதாக ஆகக் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம். இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஆணோ பெண்ணோ அறுவை முடித்துக் கொடுப்பதே நல்லது. ஒரு மாதத்தில் குட்டி போடும் பிராணி. நீங்கள் ஒன்றைக் காப்பாற்றி இருபதுக்கு வழிசெய்ததாக ஆகிவிடக் கூடாது. அறுவைக்கு முந்தைய இரவு பட்டினி போடச் சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். முயலைப் பட்டினி போடக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், தீனி தண்ணீர் தராமலிருப்பதும், கைவிடுவதும் குற்றங்கள். ஆனால் வாடகைக்கு இருக்கும் நீங்கள் அதை எடுத்துப் பேச வேண்டிய நிலை வரவில்லை. அவர்களே தருகிறேன் என்கிறார்கள். கைப்பேசியில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

ஸ்ரீரங்கத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இதை எழுதும்போது பன்னிரண்டு நாள் ஆகிறது.

எடுத்துவிட்டேன். மேல்மலை அண்ணன் சொன்னபடி முதலில் கீழ்வீட்டிலேயே பேசிப் பார்த்தேன். அந்த அம்மா அழுதுவிட்டார். "முதல் முயல் செத்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பக்கம் போகவே மனம் வரவில்லை" என்றார். அதன்பின் நான் வற்புறுத்தவில்லை. ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். குழந்தையிடம் நானே பேசினேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "பஞ்சு பேரை மாற்றிவிடுவீர்களா?" மாற்றவில்லை.

மருத்துவர் எடை பார்த்தார். 1 கிலோ 700 கிராம். இந்த உடல்வாகுக்கு மிகவும் குறைவு என்றார். காதில் பூச்சிதான். ஊசி போட்டிருக்கிறார், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார். நகம் வெட்டியாகிவிட்டது. பாதத்தில் ரோமம் போய் இரண்டு இடத்தில் சிவந்திருக்கிறது. பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து விரித்திருக்கிறேன். பெண் என்று சொல்லி விற்ற பஞ்சு ஆண் முயல்.

முதல் இரண்டு நாள் அது மூலையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் வராந்தாவில் தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால், பத்தடி நீளத்தையும் ஓடிக் கடந்து, திரும்பி, மறுபடியும் ஓடுகிறது. இரண்டு வருடமாக மூன்று தப்படி வைக்க இடமில்லாத கால்கள் அவை. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

மாமியாருக்கு இதுவரை இழுப்பு கூடவில்லை. புல்லை மேலேதான் உதறுகிறேன். கணவரிடம் மூன்று மாதக் கணக்கு செல்லாது என்று சொல்லிவிட்டேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து, "அறுவைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு வை" என்றார்.

திருவானைக்காவிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். வீட்டில் எங்கே வைப்பீர்கள், நான் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். சரி என்று போனவர் பிறகு கூப்பிடவில்லை. அறுவை முடியும் வரை இனி யாரிடமும் பேசுவதாக இல்லை.

இன்று காலை புழுக்கை பெரிதாக, உருண்டையாக, உதிர்த்தால் புல் தெரிகிற மாதிரி இருந்தது. இதைச் சொன்னால் இங்கே இருப்பவர்களுக்குத்தான் புரியும். வந்த புதிதில் மிளகு மாதிரி சிறுத்துக் கறுத்திருந்தது.

அண்ணன் பயந்த அந்த இன்னொரு ஜோடி பற்றியும் பேசினேன். நேற்று வீட்டுக்காரரே மேலே வந்து கூண்டை இறக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்.