பதில்: ‘குவிய வேட்டை’ வேண்டாம், ‘துழாவல்’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

கேமராச் சொற்களுக்கு இங்கே முன்மொழியப்பட்ட தமிழ்ப் பெயர்களுக்கு என் பதில் இது. கேமரா தானாகவே லென்ஸை நகர்த்திப் படத்தைத் தெளிவாக்கும் ஆட்டோஃபோகஸுக்குத் ‘தன்குவிப்பு’ என்பதில் எனக்கும் சம்மதம். பாடநூலில் குவியம் என்பது கதிர்கள் சேரும் புள்ளி. கேமரா செய்வதோ ஒரு செயல்; அதனால் ‘குவிப்பு’தான் சரி. ஆனால் லென்ஸ் நிலைகொள்ளாமல் முன்னும் பின்னும் ஓடுவதற்குக் ‘குவிய வேட்டை’ என்று முன்மொழிந்திருப்பது ‘ஃபோகஸ் ஹன்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல்.

மார்கழிக் காலையில் திருவையாற்றுப் பக்கம் வயலைப் படமெடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். பனி மூடிய சம்பாப் பயிரில் கேமராவுக்குப் பிடிமானமாக ஒரு விளிம்பும் கிடைக்காது. ஒளி மாறுபாட்டை அளந்து குவிக்கும் முறையில், லென்ஸை நகர்த்திப் பார்த்தால்தான் தெளிவு கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும். உச்சத்தைத் தாண்டிப் போய், குறைவதைக் கண்டு, திரும்பி வரவேண்டும். திசை தெரியாமல், தொட்டுத் தொட்டுப் பார்க்கிற வேலை. இதைத்தானே தமிழில் துழாவுவது என்கிறோம்? லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிடும் கட்ட வேறுபாட்டு முறையில் திசை முதலிலேயே தெரிந்துவிடுவதால் துழாவல் குறைவு. பனி அடர்ந்தால் அதுவும் துழாவும். ‘தேடல்’ பொருந்தும்தான், ஆனால் கணினியில் அது வேறு வேலைக்குப் போய்விட்டது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “லென்ஸ் துழாவினால், வானத்தை வெட்டி நிற்கும் பனைமரத்தில் குவித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடி காட்சியை அமைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மசியாவிட்டால் கைக்குவிப்புக்கு மாறுங்கள். ஃபுல்ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், ஒளித்துளை எஃப் 11 என்றால், சுமார் 1.8 மீட்டர் தொலைவில் குவிப்பை நிறுத்தினால் ஒரு மீட்டரிலிருந்து தொலைவு முழுக்கத் தெளிவாக விழும்.” எங்கும் இடறவில்லை.

அப்புறம், கேமரா முகத்தை அறிந்து குவிப்பதையும் கண்ணை அறிந்து குவிப்பதையும் ‘முகக்குவிப்பு’ என்று ஒன்றாக்குவது கூடவே கூடாது. சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியை 85 மி.மீ. லென்ஸில், எஃப் 1.8 வைத்து, ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 செ.மீ.தான். மூக்கு நுனியில் குவிந்தால் கண் மங்கிவிடும். ‘கண்ணறி குவிப்பு’ தனிச்சொல்லாகவே இருக்கட்டும்.

ஒருமுறை குவித்ததும் நின்றுவிடும் முறைக்கு வைத்த ‘ஒற்றைக் குவிப்பு’ பற்றியும் ஒரு திருத்தம். பட்டனைப் பாதி அழுத்தியிருக்கும்வரை குவிப்பு அசையாமல் நிற்பதுதான் அதன் குணம், எண்ணிக்கை அல்ல. ‘நிலைக்குவிப்பு’ என்று மாற்றலாமா? அதன் இணையான, நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் ‘தொடர்குவிப்பு’ பற்றிக் கோடியக்கரையில் பூநாரை எடுக்கும் நண்பர்கள் சொல்லட்டும். பறக்கும் பறவையோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர்கள் அவர்கள்தான்.